டர்பனில் பிள்ளைகளோடு உட்கார நேரம் ஏது என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், ஊரில் மாமியார் இருந்தவரை தினமும் குடும்ப ஜெபம் நடந்தது, இங்கே பிள்ளைகளோடு உட்காரவே முடியவில்லை, பேசாமல் சர்ச்சில் நடக்கிற எல்லாப் பிள்ளைகள் கூட்டத்துக்கும் அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஆனால் வீட்டில் நாம் செய்ய வேண்டியதை அது ஈடு செய்யாது.

முதலில் காரைப் பாருங்கள். ஊரைப் போல ஸ்கூல் வேன், ஆட்டோ என்று பலர் விடுவதில்லை, நாமே காலையில் கொண்டுவிட்டு மதியம் அல்லது ஆஃப்டர்கேர் (பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) முடிந்ததும் கூட்டி வருகிறோம். எல்லாரும் இதை வீண் அலைச்சல் என்று சலித்துக்கொள்கிறார்கள், எனக்கோ என் பிள்ளைகளை வளர்த்ததே அந்தக் கார்தான் என்று தோன்றுகிறது. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசு என்று வேதாகமத்தில் உபாகமம் 6-ல் இருக்கிறதே, நமக்கு இங்கே வழி என்றால் என்2 நெடுஞ்சாலை. சிக்னலில் கண்ணாடியை உடைத்துப் போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் போன் எப்படியும் பைக்குள்தான் இருக்கும், ரேடியோவையும் அணைத்துவிடுங்கள். போகும்போது ஒரு மனப்பாட வசனம், ஒரு வாரத்துக்கு ஒன்றே போதும். திரும்பும்போது போதனை வேண்டாம், அவர்களைப் பேச விடுங்கள். முகத்துக்கு நேராகச் சொல்லாததைப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் குடும்ப ஜெபம். ஊரில் போல ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தால் இங்கே நடக்காது, கோடையில் ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடுகிற ஊர் இது, பள்ளியும் சீக்கிரம், அதனால் பிள்ளைகள் எட்டு மணிக்கே தூங்கி விழுவார்கள். வேலை முடிந்து வந்ததும், சமையலுக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். இங்கே மாலை ஐந்து என்றால் இந்தியாவில் எட்டரை, மாமியாரை வீடியோ காலில் கூப்பிட்டு அவர்களையே ஜெபிக்கச் சொல்லுங்கள், பெரியவன் தமிழ் வேதாகமத்தில் நாலு வசனம் வாசிக்கட்டும். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்றுதானே பவுல் எழுதுகிறார். தமிழும் இப்படித்தான் நிற்கும். 1860 முதல் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர்களின் வழிவந்த இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பெயர் தமிழாக இருக்கிறது, வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

சர்ச் விஷயத்தில் நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. புதன் செல் குரூப் (வீடுகளில் நடக்கும் சிறு ஜெபக் கூட்டம்), வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் பயிற்சி, ஞாயிறு இரண்டு ஆராதனை, இதற்கெல்லாம் அப்பா அம்மா ஓடிக்கொண்டிருக்க, பிள்ளை பின்வரிசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ஆண்டவர் கொடுத்த முதல் ஊழியம் அந்தப் பிள்ளைதான். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை வாரநாளில் ஒரு கூட்டம் போதும், போதகரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், நல்ல போதகருக்குப் புரியும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடிந்தால் வையுங்கள், ஆனால் அதில் மிச்சமாகும் நேரத்தை ஓவர்டைமுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விடுமுறைக் கணக்கும் வேறு. பள்ளி ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, மே மாத லீவு கிடையாது. ஈஸ்டர் திங்கள் 'குடும்ப நாள்' என்ற பெயரிலேயே அரசு விடுமுறை, பெரிய வெள்ளியோடு சேர்த்து நான்கு நாள் மொத்தமாகக் கிடைக்கும். நீண்ட லீவு கிறிஸ்துமஸை ஒட்டித்தான், அப்போது பிள்ளைகள் பல வாரம் வீட்டில் இருப்பார்கள். ஆபீஸில் எல்லாரும் அதே வாரங்களைத்தான் கேட்பார்கள், நீங்கள் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.