அந்த பூட்ஸை யார் எடுத்துக் கொடுத்தது?

கேள்வி: எனக்கு 38 வயது. எங்கள் ரக்பி கிளப்பில் 12 ஆண்டுகள் ஆடினேன், இப்போது செயலாளராக இருக்கிறேன். போன சீசனில் 18 ஆட்டத்தில் 2-ல்தான் ஜெயித்தோம். கோச் ராஜினாமா செய்துவிட்டார். அவர் இடத்துக்கு இரண்டு பேரை யோசித்து வைத்திருக்கிறோம். ஒருவர் பெரிய லீக்கில் ஆடியவர். ஒரு வருட ஒப்பந்தம் கேட்கிறார், தன்னோடு ஆறு ஆட்டக்காரர்களை அழைத்து வருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் ஒன்பது வருடமாக எங்கள் ஜூனியர் பையன்களைப் பார்த்துக்கொள்பவர். அணியில் வேகம் இல்லை, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற நல்ல ஃப்ளை-ஹாஃப் கட்டாயம் வேண்டும். ஹூக்கர் இடமும் காலி. ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் ஹூக்கருக்கு முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்துவிட்டது, அவனுடைய அம்மா வந்து பூட்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாற்று ஹூக்கரும் பாதியில் நின்றுவிட்டான். கடைசி நான்கு ஆட்டங்களில், இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்மில், தள்ளாமலே ஆட வேண்டியதாயிற்று. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை யாருக்குச் செலவு செய்வது? அடுத்த சீசனிலாவது நிமிர்வோமா?
- ஒரு கிளப் செயலாளர்

பதில்:

தம்பி, கோச் யார், ஃப்ளை-ஹாஃப் யார் என்பதற்கெல்லாம் கடைசியில் வருகிறேன். அம்மா வந்து பூட்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரியைத் தாண்டி நகர முடியவில்லை. அதையும் நீங்கள் அந்தப் பையனுக்காக எழுதவில்லை. இடம் காலி என்று சொல்வதற்காக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த பூட்ஸை யார் எடுத்துக் கொடுத்தது? நீங்களா, மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரா? ஐந்தாவது ஆட்டத்துச் சேறு அதில் காய்ந்து ஒட்டியிருந்திருக்கும். துடைத்துக் கொடுத்தீர்களா, இல்லை அப்படியே ஒரு கவரில் போட்டு நீட்டினீர்களா? அந்த அம்மாவை உட்காரச் சொன்னீர்களா? பையன் எப்படி இருக்கிறான், வலி குறைந்திருக்கிறதா, ஆபரேஷன் முடிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் முழங்கால் இருக்கிறது, காலி இடம் இருக்கிறது, பையனைக் காணோம்.

தன் பூட்ஸை எடுக்க ஒரு ஆட்டக்காரன் தானே வருவான். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டாவது வருவான், வந்து நாலு பேரிடம் பேசிவிட்டுப் போவான். அம்மாவை அனுப்புகிறான் என்றால் உங்கள் யார் முகத்திலும் முழிக்க அவனுக்கு மனமில்லை. அவன் அனுப்பாமல் அந்த அம்மாவே வந்திருந்தால், இனி என் பிள்ளை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இரண்டில் எது நடந்தது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. 12 வருஷம் அதே சட்டையைப் போட்டு ஆடியவருக்குத் தெரியாமல் இருக்கலாமா?

ஹூக்கர் என்ன செய்கிறான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், மறந்த மாதிரி இருக்கிறது. ஸ்க்ரம்மின் முன்வரிசையில் ப்ராப் எனப்படும் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே, இரண்டு கையையும் இரண்டு பக்கத்துக்காரன் மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தன் முகத்தைக் காக்கக்கூட அவனுக்குக் கை மிச்சம் இல்லை. எதிரே எட்டுப் பேர், முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர். அத்தனை பாரத்துக்கும் நடுவில் காலால் பந்தை இழுக்கிறவன் அவன். பக்கத்தில் இருப்பவர்கள் தன்னைத் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவன் அங்கே கழுத்தைக் கொடுப்பதற்குக் காரணம். அப்படி நின்றவன் முழங்கால் போய் வீட்டில் கிடக்கும்போது கிளப்பிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மாற்று ஹூக்கர் ஏன் பாதியில் நின்றான் என்று யோசித்தீர்களா? அவனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். நாளைக்கு எனக்கு இப்படி ஆனாலும் இதுதான் கதி என்று அவனுக்குப் புரிந்திருக்கும். அவன் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பார்.

என் தம்பிக்கும் இதே முழங்கால் போயிற்று, வேறு ஒரு விளையாட்டில். பத்து மாதம் வீட்டில் இருந்தான். முதல் வாரம் அணி முழுக்க வந்தது. இரண்டாவது வாரம் மூன்று பேர். அப்புறம் ஒரே ஒருத்தன்தான் வந்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல். வந்து பெரிதாக ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டான். தம்பி கட்டிலில் உட்கார்ந்து காலை மெதுவாக மடக்கி நீட்டுவான், இவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்ணுவான். அவ்வளவுதான். தம்பி திரும்ப மைதானத்தில் இறங்கியது பிசியோவால் பாதி, அந்த எண்ணிக்கையால் பாதி என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆட்டக்காரர்களைப் பற்றி யார் எழுதினாலும் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தை விடப்போவதில்லை.

எந்த கிளப்பைக் கேட்டாலும் நாங்கள் ஒரு குடும்பம் என்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை படுத்துக் கிடக்கும்போது அவன் இடத்துக்கு வாசலில் நின்று வேறு பிள்ளையைத் தேடுகிற குடும்பம் எங்கே இருக்கிறது? முடியாதவனோடு உட்காருவது குடும்பத்தின் முதல் வேலை, மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு. இதைச் செய்ய மனமில்லாவிட்டால் குடும்பம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஆள் சேர்க்கும் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஃப்ளை-ஹாஃப் வேண்டும் என்கிறீர்கள். உலகத்திலேயே நல்ல ஃப்ளை-ஹாஃபைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவனுக்குப் பந்து எங்கிருந்து வரும்? ஸ்க்ரம்மிலிருந்தும், ஓரக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறிந்து தொடங்கும் லைன்அவுட்டிலிருந்தும். லைன்அவுட்டில் பந்தை எறிவதும் பெரும்பாலும் ஹூக்கர்தான். அந்த ஒரு பையனோடு இரண்டு வாசலும் அடைபட்டன. அதற்குப் பிறகு பின்னால் நின்று ஓடுகிற உங்கள் ஆட்டக்காரர்களிடம் வேகம் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பந்து இல்லாமல் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

விதியும் அதைத்தான் சொல்கிறது. 23 பேர் பட்டியல் கொடுத்தால் அதில் 6 பேர் முன்வரிசைக்குப் பழகியவர்களாக இருக்க வேண்டும், 15 பேர் மட்டுமே என்றாலும் 3 பேர். பழகாதவனை அங்கே நிறுத்தினால் கழுத்து போகும், அதனால்தான் ஆள் இல்லாதபோது தள்ளு இல்லாத ஸ்க்ரம் ஆக்கிவிடுகிறார்கள். உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கடிதத்தில் இல்லை. நான்கு ஆட்டம் தள்ளாமல் ஆடியிருக்கிறீர்கள் என்றால் ஆள் சேர்ப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் உங்கள் ஃபிளாங்கர்களில் கட்டையாக, பயமில்லாமல் இருக்கிற ஒருவனை இப்போதே ஹூக்கராகப் பழக்கத் தொடங்குங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி, பிறகு தள்ளும் இயந்திரத்தில், பிறகு ஒருவனுக்கு எதிராக ஒருவன், கடைசியில்தான் எட்டுக்கு எட்டு. அவசரப்பட்டால் இன்னோர் அம்மா பூட்ஸ் கேட்டு வருவார்.

ஸ்க்ரம்மின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 2015 உலகக் கோப்பையில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்ற ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி நிமிடம், 29-32 என்று பின்னால் இருக்கிறார்கள், பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் சமன். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார். உருவத்தில் தங்களைவிடப் பெரிய அணிக்கு எதிராக அதைக் கேட்கும் தைரியம் எப்படி வந்தது? தலைமைக் கோச் எடி ஜோன்ஸ் 2012-லேயே வேலையைத் தொடங்கியிருந்தார். ஸ்க்ரம்மைப் பழக்கியவர் மார்க் டால் மாசோ, பிரான்ஸின் முன்னாள் ஹூக்கர், பார்க்கின்சன் நோயோடு இருந்தபடியே பழக்கினார். உடம்பு ஒத்துழைக்காத ஒரு ஹூக்கரை வேண்டாம் என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் பையனால் இப்போது ஓட முடியாது, தள்ள முடியாது. பார்க்க முடியும், சொல்லித்தர முடியும், லைன்அவுட் எறிதலை ஜூனியர் பையன்களுக்கு நின்ற இடத்தில் காட்டித்தர முடியும். ஏ.சி.எல். ஆபரேஷனுக்குப் பிறகு ஆட வர ஒன்பது மாதமாவது ஆகும், சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும். அவனை இப்போது கையில் பிடித்தால் அடுத்த சீசனின் பாதியிலாவது மருத்துவர் சம்மதத்தோடு வர வாய்ப்பிருக்கிறது.

பெரிய லீக்கில் ஆடியவரைப் பற்றி: வேண்டாம். ஒரு வருடம் மட்டும் கேட்கிறவர் அடுத்த கிளப்பை யோசித்துக்கொண்டே வருகிறார், அது அவர் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு வரும் ஆறு பேர் அவரோடேயே போவார்கள். அடுத்த வருஷம் இதே நேரம் நீங்கள் ஏழு காலி இடத்தோடு எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். பணத்தை நம்பி ஏறினவர்கள் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். ஐரோப்பியக் கோப்பையை 2004-லும் 2007-லும் வென்ற வாஸ்ப்ஸ் 2022-ல் கடனில் மூழ்கியது. அதே ஆண்டு வூஸ்டர், 2023-ல் லண்டன் ஐரிஷ். மூன்றுமே அப்போது இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடிய அணிகள். அவர்களுக்கே அந்தக் கதி.

ஜூனியர் கோச்சிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்துப் பார்ப்போம் என்று இழுக்காமல் இரண்டு சீசன் என்று எழுத்தில் கொடுங்கள், அணித் தேர்வில் கமிட்டி மூக்கை நுழைக்காது என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒன்பது வருஷமாக இருக்கிறவரைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு வெளியே தேடுவதும் அந்த பூட்ஸ் விஷயமும் ஒரே வியாதி. மிச்சப் பணத்தில் சீசனுக்கு முந்தைய மாதங்களில் வாரம் இரண்டு நாள் வந்து முன்வரிசையைப் பழக்க ஓர் ஆள், வாரம் ஒரு நாளாவது ஒரு பிசியோ. ஃப்ளை-ஹாஃபுக்கு இந்த வருஷம் செலவு வேண்டாம், ஜூனியர் அணியில் உதைக்கத் தெரிந்த பையன் ஒருவன் நிச்சயம் இருப்பான், கோச்சைக் கேளுங்கள்.

நிமிர்வோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த சீசனில் கோப்பை எதுவும் வராது. இரண்டு வெற்றி ஐந்தானால் சந்தோஷப்படுங்கள். தள்ளு இல்லாத ஸ்க்ரம் ஒன்றுகூட இல்லாமல் சீசன் முடிந்தால் அதைவிடச் சந்தோஷப்படுங்கள்.

இந்த வாரமே அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். கமிட்டியோடு கூட்டமாக வேண்டாம், கேப்டனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவை அந்த அம்மாதான் திறப்பார். உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்தினால் நில்லுங்கள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் பையனைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எப்போது திரும்ப ஆட வருவாய் என்று அவனிடம் அன்றைக்குக் கேட்காதீர்கள். காலை எத்தனை தரம் மடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.