பீப் சத்தமும் டிரிகர் விரலும்: வாசகர் கேள்வி பதில்

கே: என் மகள் 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் சுடுகிறாள். கோயம்புத்தூர் ரேஞ்சுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூட்டிப்போக முடிகிறது. மற்ற நாளில் வீட்டில் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்ய ஷாட் டைமர் ஒன்று வாங்கினோம். டிரிகர் விழும் 'டிக்' சத்தத்தை அது பதிவே செய்யவில்லை. பழுதான சரக்கா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: சரக்கு நல்ல சரக்குதான், வேலைதான் வேறு. ஷாட் டைமருக்குள் இருப்பது ஒரு மைக். தோட்டா வெடிக்கிற சத்தத்தைப் பிடிக்க அதைச் செய்திருக்கிறார்கள். ஹேமர் விழும் சின்ன 'டிக்' அதற்குக் கேட்காது. சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றினால் டிக்கைப் பிடிக்கலாம்; கூடவே மின்விசிறி, பக்கத்து அறைப் பாத்திரம், டைமரின் சொந்த பீப் என எல்லாவற்றையும் சுட்டதாக எழுதிக்கொள்ளும். டிரை ஃபயருக்குப் பதிவு தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது அதில் 'பார் டைம்' என்று இருக்கும் வசதி: ஒரு பீப்பில் தொடங்கி, நீங்கள் வைத்த நேரம் முடிந்ததும் இன்னொரு பீப். டிக் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்ததா இல்லையா என்பதைக் காதே சொல்லிவிடும்.

டைமரைத் தொடும் முன் துப்பாக்கி. மேகஸினைக் கழற்றி, சேம்பரை (தோட்டா உட்காரும் குழியை) கண்ணால் ஒரு முறை, விரலால் ஒரு முறை பாருங்கள். தோட்டா, பெல்லட் (ஏர் கன் குண்டு) எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேறு அறையில் பூட்டி வையுங்கள். குறி ஒட்டும் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. ஓட்டு வீட்டு மரத்தடுப்பை விட செங்கல் சுவர் மேல். பயிற்சி முடிந்ததும் குறித்தாளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று தோட்டா போட்ட பிறகு பழைய சுவரைப் பார்த்துச் சுட்டவர்கள் உண்டு. .22 பிஸ்டல் என்றால் வெறுமனே தட்ட வேண்டாம். ரிம்ஃபயரில், அதாவது தோட்டாவின் விளிம்பில் தட்டி வெடிக்க வைக்கும் வகையில், தட்டும் ஊசியான ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் மோதி, பின்னும் கெடும், சேம்பரிலும் பள்ளம் விழும். டம்மித் தோட்டா அல்லது துப்பாக்கியோடு வரும் டிரை ஃபயர் பிளக் போட்டுத்தான் தட்ட வேண்டும்.

இனி நேரம். போட்டியின் ரேபிட் பகுதியில் 7 விநாடி சிவப்பு விளக்கு, 3 விநாடி பச்சை, ஒரு சுடு. இப்படி ஐந்து முறை சேர்ந்தால் ஒரு சீரிஸ், மொத்தம் 50 விநாடி. கை 45 பாகைக்குக் கீழே தொங்கும் நிலையில் நின்று, பச்சை வந்த பிறகுதான் தூக்க வேண்டும். இதற்கு ஷாட் டைமரை விடப் போனில் கிடைக்கும் இடைவெளி டைமர் வசதி. 7, 3, ஐந்து சுற்று என்று ஒரு தரம் வைத்தால் போதும்.

முதல் வாரம் 3 விநாடி வைக்காதீர்கள். 5 வையுங்கள். அந்த ஐந்தில் மகள் கையைத் தூக்கி, ஃப்ரண்ட் சைட்டை (குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளை) குறியின் மையப் பகுதியில் நிறுத்தி, டிரிகரை நேராகப் பின்னால் இழுத்து, டிக் விழுந்த பிறகும் ஒரு விநாடி சைட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். டிக் விழும் நொடியில் ஃப்ரண்ட் சைட் அசையவில்லை என்றால் அது ஒரு நல்ல சுடு. பத்தில் எட்டு நன்றாக வந்தால் 4.5, பிறகு 4, 3.5 என்று இறக்குங்கள். எட்டு வராவிட்டால் ஒரு படி மேலே ஏறுங்கள். 3 விநாடியில் நின்றுவிட வேண்டும். இன்னும் குறைத்து 2.5 வைத்தால் வேகம் வரும் என்று சிலர் செய்கிறார்கள். வருவது வேகமில்லை, பிடுங்கும் பழக்கம்.

மூன்று விநாடி எங்கே போகிறது என்று பாருங்கள். பீப் கேட்டுக் கை புறப்படவே கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். கை மேலே வந்து சேர ஒன்றேகால், ஒன்றரை விநாடி ஆகும். மீதி முக்கால் முதல் ஒரு விநாடிக்குள் சைட்டை நிறுத்தி அழுத்த வேண்டும். அதனால் டிரிகரின் முதல் தளர்ச்சியைக் கை ஏறும்போதே எடுத்துவிட வேண்டும். மேலே வந்து நின்ற பிறகு விரலைத் தேடினால் நேரம் போதாது. டிக் 2 முதல் 2.7 விநாடிக்குள் விழுவது ஆரோக்கியம். இரண்டாவது பீப்போடு சேர்ந்தே விழுகிறது என்றால் அவள் பீப்புக்குத்தான் சுடுகிறாள், சைட்டுக்கு இல்லை. டைமர் பயிற்சியில் பெரும்பாலோர் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மருந்தும் எளிது: ஐந்துக்கு ஒரு முறை முடிவு பீப்பை அணைத்துவிட்டு, தொடக்க பீப்போடு மட்டும் சுடச் சொல்லுங்கள்.

ஆறு சீரிஸ், நடுவில் ஒரு நிமிஷ ஓய்வு. பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடியும். அதற்கு மேல் போனால் தோள் தொங்கும். தொங்கிய தோளோடு செய்த முப்பது சுடு கெட்ட பழக்கத்துக்கு முப்பது பாடம்.

கே: நகரியில் எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறி ஓடும். போன் ஆப்பின் பீப் காதில் விழவில்லை. ப்ளூடூத் இயர்போன் போட்டால் தாமதம் வருமாமே?
– வாசகர், நகரி

ப: தாமதம் வரும், ஆனால் இரண்டு பீப்பும் ஒரே அளவு தாமதிப்பதால் நடுவிலுள்ள 3 விநாடி மாறாது. போன் மைக்கால் சுடு நேரத்தை அளக்கிறவர்களுக்குத்தான் கணக்கு தப்பும். ப்ளூடூத்தில் உண்மையான தொல்லை வேறு. சத்தமே இல்லாத ஏழு விநாடியில் சில இயர்போன்கள் தூங்கிவிடும். விழிப்பதற்குள் குட்டி பீப்பின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். அதனால் கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நேரத்தில் புறப்படும், காரணம் தெரியாமல் குழம்புவீர்கள். வயர் இயர்போன் போடுங்கள். அதற்கு மேலே ரேஞ்சில் போடும் காது மூடியை மாட்டினால் தறிச் சத்தமும் குறையும், போட்டியில் இருக்கும் அதே உணர்வும் கிடைக்கும். தறி ஓய்ந்த ராத்திரியில் செய்கிறவர்களுக்கு இந்தப் பாடே இல்லை.

கே: என்னிடம் உள்ளது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். இதை வைத்து டைமர் பயிற்சி செய்யலாமா? லைசென்ஸ் கேட்பார்களா?
– வாசகர், செங்கோட்டை

ப: பெல்லட் இல்லாமல் தட்டவே தட்டாதீர்கள். பெல்லட் இருந்தால் அதற்குப் பின்னால் காற்று அழுந்தி பிஸ்டனுக்கு மெத்தை போலாகும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழு வேகத்தில் முன்சுவரில் இடித்து, சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். மூடிய நிலையில், ஸ்பிரிங்கை இழுக்காமல், தூக்குவது, கன்னத்தில் பதிப்பது, சைட் நிறுத்துவது வரை டைமரோடு செய்யலாம். டிரிகர் பாகம் கிடைக்காது. அதற்கு டிரை ஃபயர் வசதியுள்ள அழுத்தக்காற்று ரைஃபிள்தான் வேண்டும்.

2016 ஆயுத விதிகளின்படி குழல் துளை .177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் சக்தியில்லாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கிய ரசீதை உறையிலேயே வைத்திருங்கள். புளியரை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் அதுதான் பேசும்.

கே: ரேபிட் ஃபயர் பிஸ்டலுக்கு ஐந்து குறி வேண்டும். எங்கள் வீட்டு ஹால் ஐந்து மீட்டர்தான். எப்படி ஒட்டுவது? ஐந்து குறியையும் ஒவ்வொரு சுடாகச் சுட்டு முடிக்க வேண்டிய 8, 6, 4 விநாடியை எப்படிப் பழகுவது?
– வாசகர், திருத்தணி

ப: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய போட்டி இது, ஐந்து மீட்டர் ஹாலிலேயே இதில் நிறையப் பழகலாம். 25 மீட்டரில் உள்ளதை 5 மீட்டருக்குச் சுருக்க எல்லா அளவையும் ஐந்தால் வகுங்கள். கறுப்பு வட்டம் 50 செ.மீ. என்பது 10 செ.மீ. ஆகும். மையத்துக்கு மையம் 75 செ.மீ. என்பது 15 செ.மீ. ஆகும். நான்கு மீட்டர்தான் கிடைக்கும் என்றால் வட்டம் 8, இடைவெளி 12.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். குறி மையம் ரேஞ்சில் தரையிலிருந்து 140 செ.மீ. அதையே வீட்டுச் சுவரிலும் 140-இல் ஒட்டினால் கை தாழ்ந்துவிடும். நின்ற நிலையில் உங்கள் கண் உயரம் 160 என்று வைப்போம். ரேஞ்சில் வித்தியாசம் 20 செ.மீ. அதை ஐந்தால் வகுத்தால் 4. ஆகவே சுவரில் 156-இல் ஒட்ட வேண்டும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலை ஐந்து மீட்டரில் பழகுகிறவருக்கு வகுக்கும் எண் இரண்டு: உயரம் 150, கறுப்பு வட்டம் 59.5 மி.மீ.க்குப் பதில் ஏறக்குறைய 30 மி.மீ.

டைமரில் தொடக்கத் தாமதத்தை 3 விநாடி என்று நிலையாக வையுங்கள். 'அட்டென்ஷன்' சொன்ன பிறகு பச்சை வர அவ்வளவுதான் ஆகும். நான்கு விநாடி சீரிஸில் முதல் டிக் 1.7 விநாடியை ஒட்டி விழ வேண்டும். மற்ற நான்கும் அரை விநாடிக்கு ஒன்று. ஆனால் ஒரு சங்கடம்: முதல் டிக்குக்குப் பிறகு டிரிகர் செத்துவிடும், மறுபடி காக் செய்யாமல் (இழுத்துத் தயார் செய்யாமல்) உயிர் வராது. எனவே மீதி நான்கு குறியிலும் செத்த டிரிகரையே அதே அழுத்தத்தில் அழுத்துங்கள். பார்க்க வேண்டியது விரலை அல்ல, இடுப்பிலிருந்து உடம்பு திரும்புகிறதா, கை மட்டும் வீசுகிறதா என்பதை. கை மட்டும் வீசினால் நான்காவது, ஐந்தாவது குறியில் சைட் ஓரமாகத் தள்ளிப்போகும். 8 விநாடியைச் சாவகாசமாகப் பழகுங்கள், 6-ஐ நிறையப் பழகுங்கள். 4-ஐ ஒரு நாளைக்கு நான்கு சீரிஸுக்கு மேல் வேண்டாம்.

கே: பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சிவப்பு, பச்சை விளக்கோடு டைமரை நானே செய்ய முடியுமா?
– வாசகர், சித்தூர், ஆந்திரம்

ப: தாராளமாக. ஒரு ஆர்டுயினோ நானோ, 5 வோல்ட் ஆக்டிவ் பஸ்ஸர், சிவப்பு எல்.இ.டி., பச்சை எல்.இ.டி., ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு பட்டன். பஸ்ஸர் 'ஆக்டிவ்' என்று கேட்டு வாங்குங்கள். பாசிவ் வாங்கினால் நேரடி வோல்ட்டுக்கு ஒரு 'டக்' மட்டும் வரும். பவர் பேங்கில் ஓட்டினால், குறைந்த மின்சாரம்தானே எடுக்கிறது என்று சில பவர் பேங்குகள் அரை நிமிஷத்தில் அணைந்துவிடும். பழைய போன் சார்ஜரே போதும்.

நிரலில் எண்களை மில்லி விநாடியில் எழுதுங்கள்: சிவப்பு 7000, பச்சை 3000, ஐந்து சுற்று. இரண்டாவது பட்டன் வைத்து 'திடீர்' பயிற்சியும் சேர்க்கலாம்: 1500 முதல் 4000 வரை ஏதோ ஓர் எண்ணில் பச்சை வரட்டும். போட்டியில் ஏழு விநாடி நிலையானது என்பதால் மனம் ஏழை எண்ணி, பச்சைக்கு முன்பே கையை அசைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. ரேண்டம் ஃபங்ஷனை வெறுமனே விட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் அதே வரிசையே வரும். எதுவும் இணைக்காத ஓர் அனலாக் பின்னைப் படித்து அந்த எண்ணால் விதையிட்டுவிடுங்கள். விளக்கைச் சுடுபவரின் முகத்துக்கு நேரே வைக்காமல் குறிக்கு மேலே வையுங்கள்.

கே: மகன் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். அதில் அவசரமே இல்லையே, டைமர் எதற்கு?
– வாசகி, குமுளி

ப: 60 சுடுவுக்கு 75 நிமிஷம் என்பது தாராளம்தான். இங்கே டைமர் சுடச் சொல்வதற்கல்ல, இறக்கச் சொல்வதற்கு. கை குறிப் பகுதிக்கு வந்ததும் பட்டனைத் தட்டி 10 விநாடி வையுங்கள். நான்கு முதல் எட்டு விநாடிக்குள் டிக் விழவில்லை என்றால் கண்ணும் கையும் களைத்துவிடும். பத்தில் பீப் அடித்ததும் சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும். இறக்கப் பழகாதவர்கள் நடுங்கும் கையோடு எட்டுப் புள்ளியும் ஏழு புள்ளியும் வாங்குகிறார்கள். இறுதிச்சுற்றில் ஒவ்வொரு தனிச் சுடுவுக்கும் 50 விநாடி. அதை வாரத்தில் ஒரு நாள், பத்துச் சுடு மட்டும் பழகினால் போதும். 50-க்குள் ஒரு முறை இறக்கி மறுபடி தூக்கவும் நேரமுண்டு என்பதை உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது முறை தூக்குவதற்கு 20 விநாடியாவது மீதி இருக்கிறதா என்று டைமரைப் பாருங்கள்.