கட்டுமானக் கேள்வி-பதில்: வலுவில்லாத மண்ணும் கழிவுப் பொருள்களும்

கேள்வி: எங்கள் மனை முழுக்கக் களிமண். வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மழையில் உப்புகிறது. வண்டி நிறுத்தத் தளம் போட வேண்டும். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் நுண்சாம்பல்) கலந்தால் போதும் என்கிறார்கள். எவ்வளவு கலப்பது?

பதில்: முதலில் எந்தச் சாம்பல் என்று கேளுங்கள். கால்சியம் மிகுந்த 'சி' வகைச் சாம்பல், தண்ணீர் பட்டால் தானே இறுகும். கால்சியம் குறைந்த 'எஃப்' வகை அப்படி இறுகாது. அதற்குச் சுண்ணாம்போ சிமென்டோ துணை வேண்டும். வெறும் 'எஃப்' சாம்பலைக் களிமண்ணில் கலப்பது, ஒரு தூளோடு இன்னொரு தூளைச் சேர்ப்பதுதான்.

ஈரத்தில் வீங்கும் மண்ணை அடக்குவதில் பெரும் பங்கு சுண்ணாம்புக்கு. அதன் கால்சியம், களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியத்தை விரட்டிவிட்டு அங்கே உட்காரும். சில மணி நேரத்திலேயே பசைத்தன்மை குறைந்து மண் பொலபொலவென்று ஆகும். பிறகு வாரக்கணக்கில், சாம்பலிலும் களியிலும் உள்ள சிலிக்கா, அலுமினாவோடு சேர்ந்து சிமென்ட் போன்ற பிணைப்பு உருவாகும்.

சுண்ணாம்பின் அளவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்மண்ணை 25 கிராம் வீதம் சில குப்பிகளில் எடுத்து, 2, 3, 4, 5, 6 சதவீதம் சுண்ணாம்பு சேர்த்து, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அவ்வப்போது குலுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து பிஹெச் பாருங்கள். 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த சதவீதம்தான் தொடக்க அளவு. பெரும்பாலான களிமண்ணுக்கு 3 முதல் 6-க்குள் நிற்கும். வினை நடக்கத் தேவையான அளவை மட்டும்தான் இது சொல்லும், வலுவைச் சொல்லாது. வலுவுக்கு, கலவையை அச்சில் கெட்டித்து, நீரில் ஊறவைத்த பிறகு சிபிஆர் (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சதவீத எண்) பார்க்க வேண்டும். ஊறவைக்காமல் எடுத்த சிபிஆரைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நம்பாதீர்கள்.

கணக்கு இப்படி: 150 மி.மீ. தடிமன், ஒரு சதுர மீட்டர் என்றால் 0.15 கன மீட்டர். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 240 கிலோ மண். 4 சதவீதம் சுண்ணாம்பு 9.6 கிலோ, 12 சதவீதம் 'எஃப்' சாம்பல் 28.8 கிலோ. அதாவது 25 கிலோ சுண்ணாம்பு மூட்டை ஒன்று 2.6 சதுர மீட்டருக்குத்தான் வரும். மூட்டைகளை இந்தக் கணக்கில் தரையில் கட்டம் போட்டு அடுக்கிவிட்டுப் பிரித்தால், ஓரிடத்தில் குவிந்து ஓரிடத்தில் விட்டுப்போகாது.

கட்டிகளை 25 மி.மீ.க்குள் உடையுங்கள். சுண்ணாம்பைப் பரப்பி, ரோட்டவேட்டரால் புரட்டி, உகந்த ஈரத்தைவிட (மண் மிக நன்றாகக் கெட்டிக்கும் ஈரம்) சற்று அதிகமாக நீர் சேர்த்து, மேலோட்டமாக உருட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அதன்பின் சாம்பலைச் சேர்த்து மறுபடி புரட்டி, ப்ராக்டர் அடர்த்தியில் (ஆய்வகத்தில் கெட்டித்துப் பார்த்த உச்ச அடர்த்தி) குறைந்தது 95 சதவீதம் வரும்வரை ரோலர் ஓட்டுங்கள். 'சி' வகைச் சாம்பலானால் நீர் பட்ட 2 மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிந்தாக வேண்டும். தாமதித்தால் பாதி உருவான பிணைப்பை ரோலரே உடைத்துவிடும். பிறகு 7 நாள் ஈரம் காயக் கூடாது.

கலவை அடிவரை போயிருக்கிறதா என்று பார்க்க, ஒரு குழி தோண்டிப் பக்கச் சுவரில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த இடம் இளஞ்சிவப்பாகும், சேராத கட்டி நிறம் மாறாமல் அப்படியே தெரியும். சோம்பல்பட்ட வேலையை இது பத்து வினாடியில் காட்டிக்கொடுக்கும். சுட்ட சுண்ணாம்பைக் கையாள்பவர் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. வியர்வையில் பட்டாலே தோல் வெந்துவிடும்.

கேள்வி: இதே கலவையை வேறோர் இடத்தில் போட்டார்கள். சில மாதத்தில் தளம் மேடுமேடாக எழும்பிவிட்டது. சுண்ணாம்பு குறைந்ததா?

பதில்: குறைந்ததற்கான அறிகுறி இதுவல்ல. மண்ணில் சல்ஃபேட் (ஜிப்சத்தில் இருப்பது போன்ற உப்பு) இருந்திருக்கும். சுண்ணாம்பின் கால்சியம், களியின் அலுமினா, சல்ஃபேட், நீர் நான்கும் சேர்ந்தால் எட்ரின்ஜைட் என்ற படிகம் உருவாகும். ஒவ்வோர் அலகிலும் 32 நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு வீங்கும். இன்னும் சுண்ணாம்பு போட்டால் இன்னும் எழும்பும்.

கரையும் சல்ஃபேட் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஆபத்து குறைவு. 0.8-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு வேலையை அங்கே யோசிக்கவே வேண்டாம். இடைப்பட்டதற்கு, சுண்ணாம்பைக் குறைத்து, அரைத்த இரும்பு உலைக் கசடுத் தூளைப் பெரும்பங்காகப் போடலாம். ஈரம் கூட்டி, கெட்டிப்பதற்கு முன் அதிக நாள் விட்டுவைப்பதும் உதவும். வீங்குவது கெட்டிப்பதற்கு முன்பே வீங்கி முடியட்டும் என்பதுதான் கணக்கு. சல்ஃபேட் வெளியிலிருந்தும் வரலாம். இடிபாட்டுக் கான்கிரீட்டை நொறுக்கிப் போடும்போது ஜிப்சம் பூச்சும் பலகையும் கலந்திருந்தால் நீங்களே கொண்டுவந்து கொட்டுகிறீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில்களைக் கீற்றாக வெட்டிக் கலந்தால் வீக்கம் நிற்குமா?

பதில்: நிற்காது. கீற்று, இழையாக நின்று மண் பிளவுபடுவதைத் தடுக்கும், மணற்பாங்கான மண்ணில் சிபிஆரைக் கூட்டும். களியின் வேதியியலை அது தொடுவதே இல்லை. 10 முதல் 40 மி.மீ. நீளத்தில், உலர்மண் எடையில் 0.2 முதல் 1 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் கீற்றுகள் ஒன்றோடொன்று படுத்து வழுக்குத்தளமாகிவிடும். தேய்ந்து துகளாகி நீரில் கலக்கக்கூடிய மேற்பரப்பிலோ வாய்க்கால் கரையிலோ பயன்படுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

கேள்வி: உமிச் சாம்பல் கிடைக்கிறது. ஃப்ளை ஆஷுக்குப் பதிலாகப் போடலாமா?

பதில்: போடலாம், சுண்ணாம்போடு மட்டும். அதில் சிலிக்கா ஏராளம், கால்சியம் சொற்பம். சுமார் 600 முதல் 700 டிகிரி செல்சியஸில் எரிந்த சாம்பல்தான் நன்றாக வினைபுரியும். அதிக வெப்பத்தில் எரிந்தால் சிலிக்கா படிகமாகிச் சோம்பிவிடும். கன்னங்கரேல் என்றிருந்தால் எரியாத கரி நிறைய இருக்கிறது, வேண்டாம்.

கேள்வி: தடுப்புச் சுவருக்குப் பின்னால் டயர்த் துண்டுகளை நிரப்பலாமா? தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பதில்: இரண்டுமே உண்மை. டயர்த் துண்டு மண்ணின் எடையில் பாதிகூட இருக்காது, நீரும் நன்றாக வடியும். அதனால் சுவர் மீதான அழுத்தம் குறையும். ஆனால் 1995-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 8 மீட்டர் உயரமும் அதற்கு மேலுமாக டயர் நிரப்பிய சாலைக் கரைகள் உள்ளே சூடேறி எரிந்தன. வெளியே நீட்டியிருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும்போது வெளிவரும் வெப்பமும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. கனத்த அடுக்கில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை.

அதனால் ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. பொடியும், உதிரிக் கம்பியும், எண்ணெய் பட்ட துண்டும் சேரக் கூடாது. அடுக்கை முழுவதுமாக ஜியோடெக்ஸ்டைல் துணியால் சுற்றி, மேலே குறைந்தது அரை மீட்டர் களி கலந்த மண்ணைக் கெட்டித்து மூடுங்கள். இலைதழையுள்ள மேல்மண் அதனோடு சேரவே கூடாது. பாரம் ஏறினால் அழுந்தும் என்பதால் உயரத்தைக் கூட்டியே நிரப்ப வேண்டும். வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் இதைப் போடச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.