மாமியார் மடியில் பாப்பா: 40 கிலோமீட்டர் தூரத்துக்குக் கார் சீட் தேவையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 8 மாதம். மருத்துவமனைக்கும் அம்மா வீட்டுக்குமாக மாதம் ஒருமுறையாவது தஞ்சாவூர் போய்வருகிறோம். கணவர் 40-க்கு மேல் ஓட்டமாட்டார். பின்சீட்டில் மாமியார் பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வார், பையன் நின்றுகொண்டே வருவான். குழந்தைகளுக்கான கார் சீட் வாங்கலாம் என்றால், "இந்தக் கொஞ்ச தூரத்துக்கு எதுக்கு?" என்கிறார்கள். கார் சாமான் கடையில் 1,200 ரூபாய்க்குத் துணி பெல்ட் ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. துணி பெல்ட்டும் போதாது, மடியும் போதாது. வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக டெல்டா மாவட்டங்களில் 20 வருடத்துக்கு மேல் அடிபட்ட கார்களைப் பார்த்தவன் என்பதால் உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 40. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற கார் மோதி நிற்பது, ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். உங்கள் பாப்பா 8 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கார் நின்றால், அவளைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை 90 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோட்டுத் தைக்கிறார்களே, அந்த 40 கிலோ சிப்பம் இரண்டுக்கும் மேல். எந்தப் பாட்டியாலும் அதைக் கையில் தாங்க முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் மாமியார் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். அவர் எடை முழுவதும் பாப்பாவின் மேல்தான் வந்து விழும். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டினால் பெல்ட்டுக்கும் பாட்டிக்கும் நடுவே பிள்ளை நசுங்கும். அதையும் செய்யாதீர்கள்.

நம் சாலைகளில் 40-ல் போனாலும் திடீரென்று நிற்க வேண்டிய காரணங்கள் அதிகம். அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கல் அடுக்கியிருக்கிறார்கள். மார்கழிப் பனியில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் கிட்டே போனால்தான் தெரியும்.

அப்படி ஒரு டிரெய்லரில் மோதிய காரை நீடாமங்கலம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். முன்னால் பெரிய சேதம் இல்லை. பம்பர், ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட், அவ்வளவுதான். ஆனால் முன்கண்ணாடியில் உள்பக்கத்திலிருந்து சிலந்தி வலை போல ஒரு விரிசல். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த விரிசலில் நாலைந்து மெல்லிய முடி சிக்கியிருந்தது. பெரியவர்கள் முடி அத்தனை மெல்லிசாக இருக்காது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்த 3 வயதுப் பையன். பிழைத்துக்கொண்டான், ஆனால் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை. உங்கள் பையன் நின்றுகொண்டு வருகிறான் என்று படித்ததும் அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுத்து அந்தத் துணி பெல்ட். மெத்தை மாதிரி ஒரு பட்டை, தோளுக்கு இரண்டு வார், சீட்டின் முதுகைச் சுற்றி ஒரு பக்கிள். கெட்டியான ஓடு இல்லை, பக்கவாட்டில் தலைக்குப் பாதுகாப்பு இல்லை. மோதும்போது வார் மேலே ஏறி வயிற்றைப் பிடிக்கும், பிள்ளை அடியில் வழுக்கி இறங்கும். இதை விற்கிறவரிடம் "இது எந்தத் தரச்சோதனையில் தேறியது?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியில் இருக்கிற சிரிக்கும் குழந்தைப் படத்தைக் காட்டுவார்.

இவர்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. புதுக் கார் எடுத்தவுடன் ஷோரூம் வாசலிலேயே ஓர் ஆள் பிடித்துக்கொள்கிறார். சீட் கவர், பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்புக் கம்பி என்று ஒரே பில்லில் 30,000, 40,000 ரூபாய் கறக்கிறார்கள். அந்தக் கம்பியைப் பொருத்தக்கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையே அது கெடுக்கும். சீட் கவரை இறுக்கித் தைத்து, குழந்தை சீட் மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கியை மூடிவிடுகிறார்கள். பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்துகிற கிளிப்பைக்கூட விற்றார்கள். அதை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனை செலவிலும் பிள்ளைக்கு ஏழெட்டாயிரத்தில் ஒரு நல்ல சீட் வாங்குங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

சரி, எதை வாங்குவது? சீட்டின் பின்னாலோ அடியிலோ ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே 'ஆர் 44/04' அல்லது 'ஆர் 129' என்றும் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தரம் என்றால் 'ஏஐஎஸ் 072'. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

பாப்பாவுக்குப் பின்னோக்கி உட்காரும் சீட், அதாவது அவள் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் தலை பெரிது, கழுத்து இளசு. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தலை முன்னால் வீசும். குறைந்தது 15 மாதம்வரை இப்படித்தான். அந்த சீட் தாங்கும் எடையும் உயரமும் வரை தொடர்ந்தால் இன்னும் நல்லது. பையனுக்கு ஐந்து முனை வார் (தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று) உள்ள முன்னோக்கிய சீட். வளர்ந்ததும் வாரைக் கழற்றிக் காரின் பெல்ட்டோடு பயன்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்கினால் 36 கிலோவரை ஓடும்.

இரண்டும் பின்சீட்டில்தான். பின்னோக்கிய சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருநாளும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் பாப்பாவின் தலைக்குப் பின்னால் நேராக அடிக்கும்.

பழைய சீட் வாங்காதீர்கள். ஒரு தடவை விபத்தில் மாட்டியிருந்தால் உள்ளே விரிசல் இருக்கும், வெளியே தெரியாது. ஆனால் நம் ஊரில் ஒரு விதிவிலக்கு அடிக்கடி வருவதால் அதை விளக்கிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற அக்காவோ நாத்தனாரோ தன் பிள்ளைக்கு வாங்கியதைக் கொண்டு வந்து கொடுப்பார். விபத்தே நடக்கவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அந்த நாட்டுத் தர ஸ்டிக்கரும் கையேடும் இருக்கிறது, அதில் போட்டிருக்கிற காலாவதி ஆண்டு தாண்டவில்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது அமெரிக்காவில் வாங்கியது என்றால் மட்டும் இன்னொன்று கவனிக்க வேண்டும். அங்கே காரின் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். அதை நம்பித்தான் பல சீட்டுகளைச் செய்கிறார்கள். நம் கார்களில் பெரும்பாலும் பெல்ட் சடாரென்று இழுத்தால்தான் பிடிக்கும், மற்ற நேரம் நெகிழும். நாலு வளைவு திரும்பினால் சீட் தளர்ந்துவிடும். அதனால் அந்த சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வுகிற பூட்டு இருக்கிறதா, அல்லது கூடவே சின்ன இரும்புக் கிளிப் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாமல், உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இல்லை என்றால், அந்த சீட்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டியபின் பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பிள்ளையின் தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பக்கிள் சுடும். ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். கோயில் வாசலில் இரண்டு நிமிடம்தானே என்று பிள்ளையை மட்டும் காரில் விட்டுப் போகாதீர்கள்.

வீட்டில் சட்டத்தைச் சொன்னால்தான் கேட்பார்கள் என்றால் அதுவும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194-பி: 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். எழுதி வைத்ததோடு சரி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த வாகனச் சோதனைகளில் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்பார்கள், டிரைவர் பெல்ட்டைப் பார்ப்பார்கள். பின்சீட்டில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். லைசென்ஸ் கொடுக்கும்போதும் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்கிறவரை நாம் காத்திருக்க முடியாது.

உட்காரும் வரிசை இப்படி இருக்கட்டும். பாப்பா இடதுபக்க ஜன்னலோரம், பையன் டிரைவருக்குப் பின்னால், நடுவில் நீங்கள். மாமியார் முன்சீட்டில், பெல்ட் போட்டு. பாப்பா அழுதால் ஓடுகிற வண்டியில் எடுக்காமல், வடுவூர் பக்கம் நிழலில் நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு மறுபடி உட்காரவையுங்கள். சீட் வந்ததும் உடனே காரில் மாட்ட வேண்டாம். இரண்டு நாள் கூடத்திலேயே வையுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டட்டும், பாப்பா பழகிவிடுவாள்.