சிகிச்சை முடிந்தது, உடல் இன்னும் தேறவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. தஞ்சை மாவட்டத்தில் வசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கிறார். அவரைத் தூக்கி உட்கார வைப்பது நான்தான். இடக்கை கனத்து, வளையல் இறுகுகிறது. கணவரின் கடையையும் மூட வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்கத் தமாக்சிஃபென் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன்; செக்கப்புக்கும் போகவில்லை. எப்போதும் சோர்வு, அழுகை. "அதான் குணமாயிடுச்சே" என்கிறார்கள் வீட்டில். உயிர் பிழைத்த பிறகும் அழுவது தவறா?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அழுவதில் தவறேதும் இல்லை. அடுத்த ஊசி, அடுத்த ஸ்கேன் என்று நாட்களைத் தள்ளிக்கொண்டு வந்த மனத்திற்கு, சிகிச்சை முடிந்த பிறகுதான் நடந்ததை எண்ணிப் பார்க்கவே நேரம் கிடைக்கிறது. அதே வேளையில் வீட்டிலும் அடிமேல் அடி விழுந்தால் கலங்காதவர் யார்?

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த வளையல்தான். அக்குள் முடிச்சுகளை அகற்றிய பின் அந்தக் கையில் நிணநீர் வடியும் வழி குறைந்துவிடுவதால், மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும்கூட வீக்கம் வரலாம். தொடக்கத்திலேயே காட்டினால் உரிய பயிற்சியாலும் கையில் மாட்டிக்கொள்ளும் அழுத்த உறையாலும் கட்டுப்படுத்த முடியும். கவனிக்காமல் விட்டால் வீக்கம் நிலைத்துவிடக்கூடும். வளையலைக் கழற்றிவிடுங்கள், அந்தக் கையால் ஆளைத் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அப்படியானால் மாமியாரைத் தூக்குவது யார்? கடை மூடியிருக்கும் இந்த நாட்களில் அந்தப் பொறுப்பை உங்கள் கணவர் ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பெற்ற தாயைத் தூக்கவும் துடைத்துவிடவும் மகனுக்கு முதலில் கூச்சம் இருக்கலாம், ஆனால் அது பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வருபவரிடமே, இடுப்பு நோகாமல் அவரை எழுப்பி உட்கார வைக்கும் முறையைக் கணவர் கற்றுக்கொள்ளட்டும்.

மாத்திரை விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் புற்றணுக்களைத் தூண்டாமல் தடுப்பது தமாக்சிஃபென். அதைப் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நாள்தோறும் எடுக்கச் சொல்வது நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைப்பதற்காகவே. ஆகவே உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விட்டுப்போன மாத்திரைகளுக்கு ஈடாக இரண்டிரண்டாகப் போடாமல், மருத்துவர் எழுதித் தந்தபடியே தொடருங்கள். பணமுடையை அவரிடம் மறைக்காமல் சொன்னால், விலை குறைந்த ஜெனரிக் மாத்திரையை எழுதித் தருவார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், வருமானம் குறைந்துவிட்ட இந்நிலையில் வருமானச் சான்று பெற்று விண்ணப்பித்துப் பாருங்கள்.

சோர்வைப் பற்றி வீட்டாருக்கும் ஒரு சொல். கீமோவும் கதிர்வீச்சும் தரும் அயர்ச்சி பல மாதங்கள் நீடிப்பதுண்டு, தூங்கி எழுந்தாலும் அது முழுதாகத் தீராது. அதைச் சோம்பல் என்று எண்ணுவது அநியாயம். இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். உடல் இடம் கொடுக்கும் அளவுக்குக் காலையில் சிறிது தூரம் நடப்பது, நாள் முழுவதும் படுத்திருப்பதைவிட நல்ல பலன் தரும். அழுகை அடங்காமல் தூக்கமும் பசியும் கெட்டால் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

தவறவிட்ட செக்கப்புக்கு இந்த வாரமே செல்லுங்கள், கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு எது முடிந்திருக்கிறது, எது இன்னும் முடியவில்லை என்பதை மருத்துவர் சொல்லியே அவர் கேட்கட்டும்.