மிஞ்சிய சோறு

ஐயா, வணக்கம். சனியின் நிலவான என்சலடஸில் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது, அங்கே உயிர் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். மேலே மைனஸ் 200 டிகிரி குளிர், உள்ளே கும்மிருட்டு. கடல் எப்படி உறையாமல் இருக்கும்? வெயிலே படாத இடத்தில் உயிர் எதைத் தின்னும்? தண்ணீர் என்றதும் உயிர் என்று குதிப்பது அவசரம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தண்ணீரை மட்டும் வைத்துச் சொன்னால் அவசரம்தான்.

முதலில் சூடு. என்சலடஸின் குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். 33 மணி நேரத்தில் சனியை ஒரு சுற்று சுற்றிவிடும். டயோனி என்ற பக்கத்து நிலவு இழுப்பதால் அதன் பாதை சரியான வட்டமாவதில்லை. எனவே சனியின் பிடி இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடங்கிய இடம் சுடும் அல்லவா, அந்தக் கதைதான்.

சரி, சாப்பாடு? 2005-இல், சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் என்சலடஸின் தென் துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீய்ச்சியடிப்பதைக் கண்டது. கடலே தன் சாம்பிளை வெளியே எறிகிறது, துளை போட வேண்டியதில்லை. 2015-இல் 49 கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் பீச்சலுக்குள் காசினி புகுந்து வந்தது. அதில் ஹைட்ரஜன் இருந்ததாக 2017-இல் அறிவித்தார்கள். சூடான நீரும் பாறையும் வினைபுரிந்து அது உண்டாகியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

இங்கே என் தவறு ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 1977-இல் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் கண்ட உயிர்க்கூட்டத்தை, ‘சூரியனே வேண்டாம்’ என்பதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தேன். ஆனால் அங்கே வாழும் குழாய்ப் புழுக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது மேலே வெயிலில் உண்டாகி இறங்கி வந்தது. சரியான உதாரணம் மெத்தனோஜன் என்ற நுண்ணுயிர்கள். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைப்பவை. வெயிலும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். என்சலடஸின் பீச்சலில் அந்த இரண்டு சரக்கும் இருக்கின்றன. மீத்தேனும் இருக்கிறது, ஆனால் அது உயிர் இல்லாமலும் உண்டாகும்.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல். பந்தியில் இவ்வளவு சோறு மிஞ்சிக் கிடக்கிறதே, சாப்பிட ஆள் வந்தார்களா? பசித்த நுண்ணுயிர்கள் கூட்டமாக இருந்தால் ஹைட்ரஜனை இப்படி விட்டுவைக்குமா? தின்னும் வேகத்தைவிடச் சமைக்கும் வேகம் அதிகம் என்றும் சொல்லலாம். உயிருக்கு அவசியமான பாஸ்பரஸ் கிடைக்காமல் உயிர் தழைக்கவில்லையோ என்று சிலர் யோசித்தார்கள். 2023-இல் அங்கிருந்து வந்த பனித்துகளில் பாஸ்பரஸ் சேர்மமான பாஸ்பேட் இருந்தது தெரிந்தது, அந்தச் சாக்கும் போயிற்று. என்னைக் கேட்டால் சாப்பாடு தயார், விருந்தாளி சந்தேகம்.

காசினியால் இதைத் தீர்க்க முடியவில்லை. அது கிளம்பிய 1997-இல் இப்படி ஒரு பீச்சல் இருப்பதே யாருக்கும் தெரியாது, கருவிகளும் அதற்கானவை அல்ல. எரிபொருள் தீரும் நேரத்தில், தப்பித்தவறி இந்த நிலவுகளில் மோதி நம் ஊர்க் கிருமியைக் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாதே என்று, 2017 செப்டம்பரில் அதைச் சனிக்குள்ளேயே விழவைத்து எரித்தார்கள்.

அப்புறம், பனிக்கு அடியில் கடல் இருப்பதாகக் கருதப்படும் இன்னொரு நிலவு, வியாழனின் யூரோப்பா. அதை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடையும். அதன் வேலையும் யூரோப்பா உயிர் வாழத் தோதான இடமா என்று பார்ப்பதுதான், உயிரைத் தேடுவது அல்ல.