அப்பாவுக்கு மணிக்கூடு, மகளுக்கு ஓவியம்

அப்பாவுக்கு மணிக்கூட்டுப் பைத்தியம், மகளுக்கு ஓவியம், கொழும்பில் ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சரி, வெயில் ஏறமுதல் கோட்டைக்குப் போங்கள். சதாம் வீதி முனையில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. பிறகு அதன் உச்சியிலேயே கப்பல்களுக்கு விளக்கும் எரித்தார்கள். அப்பா அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார். புறக்கோட்டையில் பார்சிக் குடும்பம் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை ஓட்டோவில் இருந்தே பார்க்கலாம், அந்த நெரிசலில் இறங்கவேண்டாம்.

அப்புறம் பார்ன்ஸ் பிளேஸ், சபுமல் பவுண்டேஷன். ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு. சுவர்களில் 43 குழுவினரின் படங்கள், 1943இல் ஒன்றுசேர்ந்த இலங்கையின் நவீன ஓவியர்கள் அவர்கள். அருங்காட்சியகம் மாதிரியே இராது, உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரித்தான். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் கீட்டின் தடித்த கோடுகளை மகள் கிட்டப் போய்ப் பார்க்கட்டும். தினமும் திறப்பதில்லை, தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கேற்றைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.